போகியில் எரிந்த ஃபைலும் என் கருவிழியும்

2014 மே மாதம் சென்னையில் எனக்கு லேசிக் செய்தார்கள், கண்ணாடி இல்லாமல் தெரியும்படி லேசரால் கருவிழியைச் செதுக்குகிற ஆபரேஷன். அப்போது வயது 23. வலது கண்ணில் மைனஸ் 5.5, இடது கண்ணில் மைனஸ் 6. காரணத்தை மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன்: வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். பெண் பார்க்க வந்த ஒரு குடும்பத்தில் "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு, இந்த சோடாபுட்டி மட்டும்..." என்று ஓர் அம்மா இழுத்ததை சமையலறையில் காபித் தட்டோடு நின்றபடி என் காதாலேயே கேட்டேன். அப்பா சீட்டுப் பணத்தில் 65,000 ரூபாய் எடுத்துக்கொடுத்தார். ஆபரேஷன் தியேட்டரில் இருந்தது அரை மணி நேரம்கூட இருக்காது. மறுநாள் காலையில் காஞ்சிபுரத்து வீட்டு மாடியில் நின்று, எதிர்வீட்டு மொட்டைமாடியில் காயும் வடாமைத் தனித்தனியாக எண்ண முடிந்தது. அன்றைக்கு அழுதேன். அது சந்தோஷத்தில்.

அடுத்த அழுகை 2023 ஆகஸ்டில். இதற்குள் கல்யாணமாகி, கோயம்புத்தூருக்கு வந்து, 2020இல் குழந்தையும் பிறந்திருந்தது. குழந்தை பிறந்த பிறகு பார்வை கொஞ்சம் மங்கியது போல இருந்தது. தூக்கமில்லாததால் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு விட்டுவிட்டேன். பிறகு ராத்திரியில் ஸ்கூட்டி ஓட்டும்போது எதிரே வரும் ஹெட்லைட் ஒவ்வொன்றும் வால் முளைத்தது போல் கீழே இழுக்கத் தொடங்கியது. பஸ் போர்டில் எழுத்துக்கு நிழல். கண்ணாடிக் கடையில் பார்த்தால் வலது கண்ணில் மைனஸ் 1, இடது கண்ணில் மைனஸ் 1.25, கூடவே சிலிண்டர் 1. அங்கேயே ஒரு கண்ணாடிக்கு ஆர்டர் கொடுத்தேன், 4,800 ரூபாய். அதைப் போட்டாலும் தெளிவில்லை, தலைவலி வேறு. அந்தப் பணம் வீண். கண் ஒரு நிலைக்கு வராமல் கண்ணாடி போடக் கூடாது என்று பின்னால்தான் தெரிந்தது.

பக்கத்திலேயே இருந்த ஒரு கண் கிளினிக்குக்குப் போனேன். பெயர் வேண்டாம். போனதும் ஓர் இளம்பெண் கண்ணில் மரத்துப்போகும் சொட்டு விட்டு, மஞ்சள் சாயம் வைத்து, மெஷினில் அழுத்தம் பார்த்தாள். "பத்துதான் இருக்கு, சூப்பர்" என்றாள். அடுத்து கண்ணின் பாப்பாவை விரிக்கிற சொட்டு. நாற்பது நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் டாக்டர் பார்த்துவிட்டு "லேசிக் பண்ணியிருக்கீங்களா? சரி, ஒரு கார்னியா ஸ்கேன் எடுத்துடலாம்" என்றார். இந்த வரிசையை நினைவில் வையுங்கள். இது எவ்வளவு தப்பு என்று பிறகு சொல்கிறேன்.

ஸ்கேன் ரிப்போர்ட் வண்ணப்படமாக வந்தது. நடுவில் நீலம், சுற்றி மஞ்சள், கீழ்ப்பக்கம் திட்டாகச் சிவப்பு. கார்னியா என்கிற கருவிழியின், அதாவது கண்ணின் முன்பக்கத்து ஒளிபுகும் படலத்தின், தடிமன் வலது 437 மைக்ரான், இடது 421. ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். "நார்மல் 540 இருக்கணும். உங்களுக்கு ரொம்ப மெலிஞ்சிருக்கு. எக்டேசியா மாதிரி தெரியுது. விட்டா கார்னியா முன்னாடி பிதுங்கிக்கிட்டே போகும், கடைசியில கண் மாத்துற நிலைமைக்கு வந்துடும். ரெண்டு கண்ணுக்கும் சி-த்ரீ-ஆர் பண்ணிடலாம்." சி-த்ரீ-ஆர் என்றால் கருவிழியை இறுக்குகிற ஒரு சிகிச்சை. மொத்தம் ஐந்து நிமிடப் பேச்சு. இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 70,000 என்றார்கள். பத்து நாள் தள்ளித் தேதி. முன்பணம் 10,000 கட்டிவிட்டு, வெளியே வந்து, பாப்பா விரிந்த கண்ணோடு ஆட்டோவுக்கு நின்றேன். வெயில் ஊசியாகக் குத்தியது. கண்ணில் தண்ணீர் வந்தது வெயிலாலா பயத்தாலா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு ராத்திரி முழுக்க ஃபோனில் தேடினேன். எக்டேசியா என்று அடித்தால் கூம்பு மாதிரிப் பிதுங்கிய கண்களின் படம் படமாக வருகிறது. மூன்று வயதுப் பிள்ளை பக்கத்தில் தூங்குகிறது, இவள் முகம் இன்னும் எத்தனை வருடம் தெளிவாகத் தெரியும் என்றெல்லாம் யோசித்தேன்.

மறுநாள் வீட்டுக்காரர்தான் ஒரு கேள்வி கேட்டார். அவர் லேத் பட்டறை நடத்துகிறவர், மைக்ரான் அவருக்குப் பழக்கம். "மெலிஞ்சிருக்குன்னு சொன்னாரே, எதிலிருந்து மெலிஞ்சிருக்கு? முன்னாடி எவ்வளவு இருந்துச்சு?" எனக்கு பதில் தெரியவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த ஸ்கேன் எல்லாம் ஒரு பச்சை ஃபைலில் இருந்தது, காஞ்சிபுரத்து வீட்டில். அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். "அந்தப் பச்சை ஃபைலா? உன் கண்ணுதான் சரியாயிடுச்சேன்னு, போன வருஷமோ அதுக்கு முந்தின வருஷமோ போகிக்கு பழைய பேப்பரோட போட்டுட்டேனேம்மா" என்றார். பழையன கழிதலில் என் கருவிழியின் சரித்திரமும் கழிந்துவிட்டது.

பத்து நாளில் சி-த்ரீ-ஆர் தேதி. அதைத் தள்ளிப்போடச் சொல்ல கிளினிக்குக்கு ஒரு நாள் அலைந்தேன். முன்பணத்தில் 7,000தான் திரும்பி வந்தது, அதுவும் இரண்டு மாதம் கழித்து. பிறகு சென்னைக்குப் போனேன். ஆபரேஷன் செய்த இடத்தில் கம்ப்யூட்டர் முறையையே மாற்றிவிட்டார்களாம், 2014 ரெக்கார்ட் இல்லை என்றார்கள். சண்டை போடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிகளின்படி உள்நோயாளிகளின் ஆவணங்களையே மூன்று வருடம் வைத்திருந்தால் போதும். அந்த விதியிலேயே இன்னொன்றும் இருக்கிறது: நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணத்தைக் கொடுக்க வேண்டும். கேட்க வேண்டிய நேரத்தில் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். ஒன்பது வருடம் கழித்துப் போய் நின்றால் ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணைத் திட்டி என்ன பயன்? இரண்டு நாள் லீவும் 4,500 ரூபாயும் போனதுதான் மிச்சம்.

திரும்பி வரும்போது, கோவை எக்ஸ்பிரஸ் சேலம் தாண்டியிருக்கும், திடீரென்று ஞாபகம் வந்தது. பெரியப்பா மகன் துபாயில் ஆப்டோமெட்ரிஸ்ட், கண் பரிசோதித்து பவர் பார்க்கிறவன். லேசிக் செய்யலாமா வேண்டாமா என்று 2014இல் அவனிடம் கேட்டபோது ஸ்கேனைப் படமெடுத்து மெயிலில் அனுப்பியிருந்தேன். தேடினால் இருந்தது. கொஞ்சம் சாய்வாக, என் கட்டைவிரல் நிழலோடு, ஒரே ஒரு பக்கம். தடிமன் வலது 531, இடது 527. கருவிழியின் வளைவு இரண்டிலும் 44 பவருக்குப் பக்கத்தில். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் "என்னம்மா, ஏதாவது நல்ல சேதியா?" என்று கேட்டார். அந்த அளவுக்கு என் முகம் மாறியிருக்கிறது.

அந்தப் படத்தோடு செப்டம்பரில் வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கார்னியா மட்டுமே பார்க்கும் டாக்டர், ஐம்பது வயதுக்கு மேலிருக்கும் அம்மா. முதல் கிளினிக் ரிப்போர்ட்டை நீட்டினேன். "இந்த ஸ்கேன் எடுக்கிறதுக்கு முன்னாடி கண்ணுல ஏதாவது சொட்டு விட்டாங்களா?" என்றார். நடந்ததைச் சொன்னேன். ரிப்போர்ட்டை மடித்து ஓரமாக வைத்துவிட்டார். "இன்னிக்கு யாரும் கண்ணைத் தொட வேண்டாம். முதல்ல ஸ்கேன், அப்புறம் மத்ததெல்லாம்."

கருவிழியின் மேற்பரப்பு என்பது உண்மையில் அதன் மேல் பரவியிருக்கும் கண்ணீர்ப் படலத்தின் மேற்பரப்பு. மரத்துப்போகும் சொட்டு விட்டு, ஒரு முனையை வைத்து அழுத்தி, இன்னொரு சொட்டும் விட்டால் அந்தப் படலம் குலைந்துவிடும். குலைந்த பரப்பை மெஷின் மேடுபள்ளமாகக் காட்டும். லேசிக்கில் கருவிழியின் நரம்புகள் அறுபடுவதால் கண் வறட்சி வருவது சகஜம், எனக்கும் இருந்தது. வறண்ட கண்ணிலும் இதே பொய்ச் சிவப்பு வரும். அதனால் ஸ்கேன்தான் முதல் வேலை. சொட்டு, அழுத்தப் பரிசோதனை, பாப்பா விரிப்பது எல்லாம் பிறகு. நீங்களே வாய் திறந்து கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். தூங்கி எழுந்த கையோடும் எடுக்கக் கூடாது. இமை மூடியிருக்கும்போது கருவிழி லேசாக ஊதியிருக்கும், எழுந்த பிறகு மெல்ல மெல்ல வடியும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே நேரத்துக்குப் போவது நல்லது. நான் எப்போதும் காலை பதினொரு மணிக்குப் போகிறேன்.

அங்கே இருந்தது பென்டாகாம் என்கிற கருவிழி ஸ்கேன் மெஷின். தாடையை வைத்து நடுவில் தெரியும் புள்ளியைப் பார்க்கச் சொல்கிறார்கள். நீல ஒளிக்கீற்று ஒன்று சுற்றுகிறது, இரண்டு விநாடி, முடிந்தது. அந்த இரண்டு விநாடியில் கேமரா சுழன்று பல குறுக்குவெட்டுப் படங்களை எடுத்துவிடுகிறதாம். நான் முதல் தடவை இமைத்துவிட்டேன். திரும்ப எடுத்தார்கள். ரிப்போர்ட்டின் ஓரத்தில் கியூ.எஸ். என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் ஓகே என்று இருந்தால்தான் அந்த ஸ்கேனை நம்பலாம். மஞ்சளிலோ சிவப்பிலோ இருந்தால் இன்னொரு தடவை எடுக்கச் சொல்லுங்கள்.

முடிவு: வலது 452, இடது 438. மூன்று வாரத்தில் இடது கருவிழி 17 மைக்ரான் வளர்ந்தா விட்டது? இல்லை, மெஷின் வேறு. முதல் கிளினிக்கில் இருந்தது கொஞ்சம் பழைய, மெல்லிய ஒளிக்கோட்டால் துழாவும் வகை. லேசிக் செய்த கண்ணில் அந்த வகை மெஷின் தடிமனைக் குறைத்துக் காட்டும், பின்பக்கம் பிதுங்கியிருப்பது போலவும் காட்டும் என்பது கண் டாக்டர்களுக்குத் தெரிந்த சங்கதியாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு மெஷினின் எண்ணை இன்னொரு மெஷினின் எண்ணோடு கழித்துப் பார்ப்பது, அம்மா வீட்டு ஆழாக்கால் அரிசி அளந்து மாமியார் வீட்டு ஆழாக்கால் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. கருவிழி மாறுகிறதா என்று தெரிய வேண்டுமானால் ஒரே மெஷினில், முடிந்தால் ஒரே இடத்தில் எடுக்க வேண்டும்.

பிறகு டாக்டர் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். இந்தக் கணக்கை முதல் ஆள் போட்டிருந்தால் எனக்கு இருபது நாள் தூக்கம் மிஞ்சியிருக்கும். லேசர் ஒரு பவரைக் குறைக்க, சிகிச்சை வட்டத்தின் அகலத்தைப் பொறுத்து, 12 முதல் 16 மைக்ரான் வரை கருவிழியைச் செதுக்கி எடுக்கும். சுமாராக 15 என்று வைத்தால், இடது கண்ணில் 6 பவருக்கு 90 மைக்ரான். 527இலிருந்து 90 போனால் 437. இப்போது இருப்பது 438. "மெலியலம்மா. மெலிய வெச்சதுதான் அப்படியே இருக்கு" என்றார். 540 நார்மல் என்பது லேசர் படாத கண்ணுக்கு. மெஷினுக்கு நமக்கு ஆபரேஷன் நடந்தது தெரியாது. அதன் நினைவில் இருப்பதெல்லாம் சாதாரணக் கண்களின் அளவுகள். அதோடு ஒப்பிட்டு, லேசிக் செய்த யார் கண்ணைக் கொடுத்தாலும் சிவப்பு எண்ணைத் துப்பும். நடுவில் நீலமாக இருந்ததும் அப்படித்தான். லேசர் நடுப்பகுதியைத் தட்டையாக்கியதால்தான் எனக்குக் கண்ணாடி போனது. 44இல் இருந்த வளைவு 39க்கு வந்திருக்கிறது, அந்தத் தட்டைதான் நீலம். வண்ணங்களிலும் ஒரு சூது இருக்கிறது. ஒரு நிறத்துக்கும் அடுத்த நிறத்துக்கும் இடையில் கால் பவர் வித்தியாசம் வைத்தால் எந்தக் கண்ணும் பயங்கரமாகத் தெரியும், ஒன்றரைப் பவர் வைத்தால் எல்லாமே சாந்தமாகத் தெரியும். படத்தின் பக்கத்தில் இருக்கும் வண்ணப் பட்டையில் எண் எவ்வளவு எவ்வளவாக ஏறுகிறது என்று பார்க்காமல் சிவப்பைக் கண்டு பதறாதீர்கள். நான் பதறினேன்.

அப்படியென்றால் எக்டேசியா என்பது சும்மா பயமுறுத்தலா? இல்லை. அது உண்மையான நோய், அரிது, ஆனால் வந்தால் கண்ணைக் கெடுக்கக் கூடியது. லேசிக்கில் முதலில் 100 முதல் 120 மைக்ரான் கனத்தில் ஒரு மடலை வெட்டித் திறந்து, அடியில் லேசர் செலுத்தி, மடலை மூடுகிறார்கள். அந்த மடல் திரும்ப ஒட்டினாலும் பழைய பலத்தைத் தராது. அடியில் மிஞ்சும் பகுதிதான் கண்ணின் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். அது 250 மைக்ரானுக்குக் கீழே போகக் கூடாது என்பது பழைய கணக்கு, இன்றைக்குப் பலர் 300 வேண்டும் என்கிறார்கள். எனக்கு மடல் 110 என்று வைத்தாலும் 328 மிஞ்சுகிறது. லேசிக்குக்குப் பின் இப்படிப் பிதுங்குவதை 1998இல் முதலில் எழுதியவர் ஜெர்மானிய டாக்டர் தியோ சைலர். பின்னாளில் அதற்கு மருந்தாக வந்த கிராஸ் லிங்கிங், அதாவது நம் ஊரில் சி-த்ரீ-ஆர் என்கிறோமே, அதை டிரெஸ்டனில் உருவாக்கியவர்களிலும் அவர் ஒருவர். ரைபோஃபிளேவின் என்கிற வைட்டமின் சொட்டை விட்டு, புற ஊதாக் கதிரைக் காட்டி, கருவிழியின் இழைகளை இறுக்குகிற முறை. தேவைப்படுகிறவர்களுக்கு அது வரப்பிரசாதம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த முறைக்கு, மேல்தோலை நீக்கிய பிறகு 400 மைக்ரானாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கதிர் உள்ளே போய் பின்பக்கச் செல்களைக் கெடுக்கும். மேல்தோல் மட்டும் 50 மைக்ரான் வரும். முதல் கிளினிக் சொன்ன 421ஐயே எடுத்துக்கொண்டாலும் 50 போனால் 371. அந்த அளவில் செய்ய வேண்டுமானால் கருவிழியைத் தற்காலிகமாக ஊத வைக்கும் வேறு கரைசலோ வேறு முறையோ வேண்டும். அதைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை. இதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. பயமுறுத்தியதைக்கூட விட்டுவிடலாம், இதை என்னால் விட முடியவில்லை.

பிறகு எனக்கு ஏன் பவர் திரும்பியது? டாக்டர் ஓ.சி.டி. என்கிற இன்னொரு ஸ்கேனில் கருவிழியின் மேல்தோலை மட்டும் தனியாக அளந்தார். நடுவில் தோல் சற்றே தடித்திருந்தது. லேசர் தட்டையாக்கிய பள்ளத்தைக் கண்ணின் மேல்தோல் தானாகவே நிரப்பப் பார்க்குமாம், ரோட்டுக் குழியில் மழைக்குப் பிறகு மண் சேருகிற மாதிரி. அதனால் கொஞ்சம் பவர் திரும்பும். எக்டேசியா என்றால் நேர்மாறு: பிதுங்குகிற இடத்தின் மேல் தோல் மெலியும். மெலிகிறதா, தடிக்கிறதா என்ற இந்த ஒரு படம்தான் அன்றைக்கு எனக்குப் பாதி உயிரைத் திருப்பிக் கொடுத்தது. 23 வயதில் என் பவர் முழுக்க நிலைத்திருக்கவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். அதற்கு முந்தைய வருடம் கண்ணாடி மாற்றியது எனக்கு நினைவிருந்தது, ஆபரேஷனுக்கு முன் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இன்னொரு பாவத்தையும் ஒப்புக்கொள்கிறேன். 2014இல் ஆபரேஷனுக்கு முந்தைய அந்த ஸ்கேனுக்கு இரண்டு வாரம் முன்பே கான்டாக்ட் லென்ஸை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். நான்கு நாள் முன்னால் சித்தி மகள் கல்யாண ரிசப்ஷனுக்கு லென்ஸ் போட்டுக்கொண்டு போனேன். லென்ஸ் கருவிழியின் வடிவத்தையே தற்காலிகமாக மாற்றும். ஆக ஒன்பது வருடம் கழித்துத் தேடித் தேடி எடுத்த அந்த ஒரே பழைய அளவும் முழுக்கச் சுத்தமானதில்லை, அதற்கு நானேதான் காரணம். கர்ப்பமாக இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் எடுக்கிற அளவுகளும் மாறக்கூடியவை என்றார்.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் "உனக்கு ஒண்ணுமில்ல, போ" என்று சொல்லவில்லை. "இது ஒரு புள்ளிதான். ரெண்டு புள்ளி இருந்தாத்தான் கோடு போட முடியும்" என்றார். மூன்று மாதம் கழித்து அதே மெஷின். அதுவரை எந்தச் சிகிச்சையும் வேண்டாம், ஆனால் கண்ணைத் தேய்க்கவே கூடாது. எனக்குத் தூசி ஒவ்வாமை, விரல் முட்டியால் கண்ணைக் கசக்குவது சின்ன வயதுப் பழக்கம். பலவீனமான கருவிழிக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லையாம். ஒவ்வாமைக்குச் சொட்டு கொடுத்தார். என் மகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன்: அம்மா கண்ணைக் கசக்கினால் கையைத் தட்டிவிட வேண்டும். விருந்தாளிகள் முன்னாலும் தட்டுவாள்.

2023 டிசம்பரில் போனேன், 2024 மே மாதம் போனேன், அதே வருடம் நவம்பரில் போனேன். இடது கண் தடிமன் 438, 436, 440, 437. இதில் மெலிவும் இல்லை, வளர்ச்சியும் இல்லை. ஒரே கண்ணை ஐந்து நிமிட இடைவெளியில் அளந்தாலும் சில மைக்ரான் முன்பின் வரும். வளைவிலும் கால் பவர் அரைப் பவர் தள்ளாடும். அதை மாற்றம் என்று எடுக்கக் கூடாது. எண்களைவிட எனக்குப் புரிந்தது வித்தியாசப் படம்தான். இரண்டு தேதிகளின் ஸ்கேனை மெஷினே ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து மூன்றாவதாக ஒரு படம் தரும். எல்லாம் பச்சையாக இருந்தால் எதுவும் மாறவில்லை என்று அர்த்தம். டாக்டர் பின்பக்கப் படத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார். லேசர் செதுக்குவது முன்பக்கத்தை மட்டும்தான், பின்பக்கம் தொடப்படுவதில்லை. அதனால் கண் பிதுங்கத் தொடங்கினால் பின்பக்கத்தில் தெரியத் தொடங்கும். வலது கண் முழுப் பச்சை. இடது கண்ணில் கீழே ஒரு சின்ன மஞ்சள் நிழல், அளவுப் பிழைக்குள் அடங்குகிற மாதிரிதான், இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை பார்ப்போம் என்றிருக்கிறார். எனவே எனக்கு முழு விடுதலை இல்லை. இப்போது கண்ணாடி போடுகிறேன், இரண்டு தடவை ஒரே பவர் வந்த பிறகு வாங்கியது.

நடுவில் இன்னொரு விஷயம் தெரியவந்தது. முதல் கிளினிக்கில் அழுத்தம் பத்து, சூப்பர் என்றார்களே, அந்த மெஷின் சுமார் 520 மைக்ரான் தடிமனுள்ள கருவிழியை மனதில் வைத்து வடிவமைக்கப்பட்டது. மெலிந்த கருவிழி எளிதாக அமுங்கும், அதனால் எண் குறைவாகவே காட்டும். என் அம்மாவுக்குக் கண் அழுத்த நோய் இருக்கிறது. எனக்கும் வந்தால் இந்த "சூப்பர்" என்னை வருடக்கணக்கில் ஏமாற்றியிருக்கும். அதனால் கண் நரம்பையும் தனியாக ஸ்கேன் எடுத்து வைத்திருக்கிறோம். கண்ணாடிக் கடையில்கூட லேசிக் செய்ததைச் சொல்லிவிடுங்கள். வயதான பிறகு புரை ஆபரேஷன் வரும்போதும் இதே தொல்லைதான். உள்ளே வைக்கிற லென்ஸின் பவரைக் கருவிழியின் வளைவை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். லேசிக் செய்த கண்ணில் சாதாரணக் கணக்கு தப்பும், கிட்டத்தில் உள்ளது தெரியாமல் போகிற பக்கமாகத் தப்பும். இதற்கென்றே புதிய சூத்திரங்கள் வந்திருக்கின்றன, இருந்தாலும் பழைய வளைவும் பழைய பவரும் கையில் இருப்பது பலம் என்றார். அறுபது வயதில் தேவைப்படப் போகிற காகிதத்தை 23 வயதில் யார் பத்திரப்படுத்துவார்கள்?

செலவுக் கணக்கையும் எழுதிவிடுகிறேன். முதல் கிளினிக் 3,200. முன்பணத்தில் போனது 3,000. சென்னைப் பயணம் 4,500. இரண்டாவது ஆஸ்பத்திரியில் முதல் முறை எல்லா ஸ்கேனும் சேர்த்து 5,100, பிறகு மூன்று முறை தலா 2,400. வீணான கண்ணாடி 4,800. மொத்தம் 27,800 ரூபாய், எட்டு நாள் லீவு. போகாத 70,000த்தையும் தொடப்படாத இரண்டு கண்களையும் இதில் கழித்துக்கொள்ள வேண்டும்.

இந்த லேசர் சதையையும் செதுக்கும் என்று கண்டுபிடித்த கதையையும் அந்தத் தூக்கமில்லாத இரவுகளில்தான் படித்தேன். 1981 நவம்பரில், அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில், விருந்தில் மீந்த வான்கோழித் துண்டை எடுத்துவந்து எக்சைமர் லேசரால் செதுக்கிப் பார்த்தார்கள். சுற்றியுள்ள சதை கருகாமல் கோடு போட்டது போல் வெட்டியதாம். எடுத்துவந்தவர் ரங்கசாமி சீனிவாசன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய கால் மைக்ரான் எடுக்கிற அளவு நுணுக்கமான கருவி. அதை என் கண்ணில் செலுத்தும்போது எத்தனை மைக்ரான் எடுத்தார்கள் என்று ஒரு வரி என்னிடம் இல்லை. செய்த அன்றைக்கே அச்சாகியிருக்கும், நான் கேட்கவில்லை.

போன மாதம் நாத்தனார் மகள், கல்லூரி கடைசி வருடம், லேசிக் செய்துகொள்ள வேண்டும் என்று வந்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று வாரம் லென்ஸ் போடாமல் இருக்கச் சொல்லி, ஒரு பென்டிரைவோடு கூட்டிக்கொண்டு போனேன். கவுன்டரில் இருந்த பையன் பிரின்ட்டை நீட்டினான். "பிரின்ட் இருக்கட்டும் தம்பி, மெஷின்ல இருக்கிற ஃபைலையும் இதுல ஏத்திக் கொடுங்க" என்றேன். அப்படி யாரும் கேட்பதில்லை அக்கா என்றான். பத்து நிமிடம் நின்றேன், ஏற்றிக் கொடுத்தான். அவளுக்குத் தடிமன் 486, இடது கண்ணில் கீழ்ப்பக்கம் வளைவு கொஞ்சம் கூடுதல். லேசர் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வரும் வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். காந்திபுரத்தில் இறங்கி ஃபிரேம் பார்க்கப் போனோம், மூன்று கடை ஏறி இறங்கிவிட்டு ஒன்றும் பிடிக்கவில்லை என்றாள்.